யாரைக் கேட்டுச் சொன்னீங்க?

என் அக்காவுக்கு எங்கள் வீட்டில் வைத்த பட்டப்பெயர் 'விசாரணை'. கல்யாணத்துக்கு முன்னால் அவள் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தை எழுதிய பலகைக்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தாள். எலும்பு முறிவுக்கு எந்த வழி, பிரசவ வார்டு எந்த மாடி, பிணவறைச் சாவி யாரிடம் என்று கேட்கிற எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொல்வாள். வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் ஒன்று கேட்டால் மட்டும் "கவுன்ட்டர் மூடியாச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள் பிறகு ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். வாசலுக்கு நேரே மேஜை, மேஜைமேல் தொலைபேசி, எதிரே ஜனங்கள். ஆஸ்பத்திரியில் பார்த்த வேலைதான், நோய் மட்டும் வேறு என்பாள்.

அந்த உறுப்பினர் அரசியலுக்கு வருவதற்கு முன் கால்நடை மருத்துவர். எங்கள் தொகுதி நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. மாடு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், அவர் பார்த்ததெல்லாம் நாயும் பூனையும்தான். ஆனாலும் 'மாட்டு டாக்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அலுவலகமும் அவருடைய பழைய மருத்துவமனைதான். நாய்களை எடை பார்க்கிற தட்டை அவர் இன்னும் எடுக்கவில்லை. நாற்காலி கிடைக்காதவர்கள் அதன்மேல் உட்காருவார்கள். முள் நகரும். பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். குறை சொல்ல வந்தவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள்.

டாக்டர் முதல் தடவை ஜெயித்த வருஷம், உறுப்பினர்கள் குழு ஒன்றோடு வெளிநாடு போனார். போன இடத்தில் ஓர் அகதி முகாமைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். எல்லோரும் கூடாரங்களைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நடக்க, இவர் கண்ணில் வயிறு உப்பிப் படுத்திருந்த ஓர் ஆடு பட்டிருக்கிறது. கோட்டைக் கழற்றிவிட்டுப் புழுதியில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டைப் பார்த்தபடியே ஆட்டுக்காரரிடம் பேச்சுக் கொடுத்தார். அந்தப் பேச்சு இன்றுவரை முடியவில்லை. சபையில் அவருக்குக் கிடைக்கிற நேரமெல்லாம் ஏதோ ஒரு தேசத்துச் சிறை, ஏதோ ஓர் எல்லை, திருப்பி அனுப்பப்பட்ட யாரோ ஒரு குடும்பம் என்றே போனது.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். எங்கள் தெருமுனைக் குழியில் என் வண்டியின் அடிப்பாகம் இடிக்காத நாள் இல்லை. கேட்காமல் இருப்பேனா?

"உங்க டாக்டருக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜெயில் எல்லாம் தெரியுது. கண்ணு முன்னாடி இருக்கிற குழி தெரியலையா?"

"குழிக்காகக் கத்த நீ இருக்கேடா. உன்ன மாதிரி நூறு பேர் இருக்கீங்க. அவங்களுக்காகக் கத்த யார் இருக்கா?"

"அப்ப அவங்களையே ஓட்டுப் போடச் சொல்லு."

"நீ போடாதே. உன் ஒரு ஓட்டுல அவர் தோத்தா தோக்கட்டும்" என்றாள். அவர் அடுத்த தடவை தோற்கத்தான் பார்த்தார். ஏதோ மயிரிழையில் தப்பித்தார். நான் அவருக்குத்தான் போட்டேன், அவளிடம் சொல்லவில்லை.

வாரத்தில் ஒரு நாள் சபை கலைவதற்கு முன்னால், சீட்டுக் குலுக்கலில் வருகிற சில உறுப்பினர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் எதைப் பற்றியும் பேசலாம். மற்றவர்கள் அந்த நேரத்தில் எழுந்து தேநீர் குடிக்கப் போவார்கள். டாக்டர் அந்த மூன்று நிமிடத்தையும் பெயர் வாசிப்பதற்கென்றே வைத்துக்கொண்டார். எந்தச் சிறையில் யார், எதற்காக, எத்தனை காலமாக. சபையில் சொன்னது சபைக் குறிப்பில் ஏறிவிடும், அழிக்க முடியாது. உலகம் ஒரு பெயரைக் கேட்டுவிட்டால் அந்த ஆளைச் சத்தமில்லாமல் காணாமல் போக்குவது கஷ்டம் என்பது அவருடைய கணக்கு.

பெரும்பாலும் அந்தக் கணக்கு சரியாகவே வந்தது. ஒரு தடவை வரவில்லை. ஊர்வலத்தில் அடிபட்டவர்களுக்குக் கட்டுப்போட்டதற்காக ஒரு நர்ஸை உள்ளே தள்ளியிருந்தார்கள். டாக்டர் அவள் பெயரைச் சபையில் உருக்கமாகச் சொன்னார். பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. சில நாளில் அங்கே அவளுடைய தம்பியையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டிலிருந்து போன் வந்தபோது டாக்டர் இல்லை. எடுத்தவள் என் அக்கா.

அந்தப் பக்கம் இருந்தவர் அழவில்லையாம், திட்டவுமில்லையாம். ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். "யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்த விசாரணைக்கு அன்றைக்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து சமையலறை விளக்கைக்கூடப் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, போய், "என்ன, உள்ளே ஏதாவது புதையல் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் பேசாமல் பக்கத்தில் நின்றுகொண்டார்.

மறுநாளே டாக்டரிடம் போய் ஒரு சட்டம் போட்டாள். அவர் ஊருக்கெல்லாம் சட்டம் போடுகிறவர், அவருக்கு இவள் போட்டாள். ஒரு பெயரைச் சபையில் சொல்வதற்கு முன்னால் அவர்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் புதிதாகக் கேட்க வேண்டும், போன வாரம் சொன்ன சம்மதம் இந்த வாரம் செல்லாது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்கக் கூடாது. டாக்டர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. கேட்கிற வேலையை அவளிடமே கொடுத்துவிட்டார்.

இந்தச் சட்டப்படி அவள் அதிகமாகக் கேட்டது வாத்தியாரின் மனைவியிடம்தான். வாத்தியார் என்று நாங்கள் சொன்னது, ஒரு நாட்டில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரை. பாடம் நடத்தும்போது ஓர் எல்லையைப் பற்றி அரசாங்கம் சொன்னதற்கு மாறாகச் சொல்லிவிட்டார் என்று துரத்தினார்கள். குடும்பத்தோடு தப்பி வரும் வழியில் மனைவியும் மகளும் எங்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். அவர் நடுவில் வேறொரு நாட்டில் மாட்டிக்கொண்டார். அங்கே முகாம் என்ற பெயரில் ஒரு சிறை, அதில் கிடந்தார்.

அந்த அம்மா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் வேலை பார்த்தார். எங்கள் மொழியை உடைத்து உடைத்துப் பேசுவார், ஆனால் ஒரு மரியாதைச் சொல் விடமாட்டார். வாத்தியார் பெயரைச் சொல்லலாமா என்று அக்கா கேட்பாள். "இந்த வாரம் வேண்டாம், மன்னிக்கணும்" என்பார். அக்கா "சரிங்க" என்று வைத்துவிடுவாள். வாரா வாரம் இதே கதைதான்.

பிறகு அந்த நாள் வந்தது. வாத்தியாரை வைத்திருந்த நாடு, அவரைச் சொந்த நாட்டுக்கே விமானம் ஏற்றி அனுப்பப் போவதாகச் செய்தி கிடைத்தது. போனால் என்ன ஆகும் என்று யாரும் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதே வாரம், அவரை அனுப்பப் போகிற நாட்டின் உள்துறை மந்திரி எங்கள் நாட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். அன்று மாலை சபையின் விருந்தினர் மாடத்தில் உட்காரப் போகிறார். குலுக்கலில் டாக்டருக்கும் அன்றைக்கே மூன்று நிமிடம் விழுந்திருந்தது. வாத்தியாரின் பெயரை நேராக அந்த மந்திரியின் காதிலேயே போடலாம். அப்படி ஒரு வாய்ப்பு இனி எந்த ஜென்மத்திலும் வராது.

காலையில் அக்கா போன் செய்தாள். இந்தத் தடவை அந்த அம்மா, "சரிம்மா. உங்க இஷ்டம், சொல்லுங்க" என்றார். அக்கா டாக்டரைக் கூப்பிட்டுச் சம்மதம் கிடைத்தது என்றாள். டாக்டர் பேச்சை எழுதிக்கொண்டு சபைக்குப் போய்விட்டார்.

மத்தியானம் நான் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் சவாரி இறக்கிவிட்டு அலுவலகத்தில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். செருப்புக் கடைக்காரரின் மனைவி உள்ளே வந்தார். வரும்போதே சண்டைக்குத் தயாராக வந்தார்.

"எங்க வீட்டுச் சுவர்ல கட்சி போஸ்டர் ஒட்டிட்டுப் போயிருக்காங்க. புதுசா அடிச்ச பெயின்ட்!"

"உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுட்டுத்தானே ஒட்டினோம்? அவர் சரின்னாரே" என்றாள் அக்கா.

"நல்லாக் கேட்டீங்க! தெருவிளக்கு போட்டாச்சுன்னு முதல்ல சொல்றீங்க. அந்த மனுஷன் சந்தோஷத்துல நிக்கிறப்போ, போஸ்டர் ஒட்டலாமான்னு அடுத்ததாக் கேக்கிறீங்க. அதுக்கு மேல அவர் எந்த வாயால வேண்டாம்னு சொல்வார்?"

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

எங்கள் டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு, அது அந்த அலுவலகத்தின் பழக்கமாகவே ஆகிவிட்டது. நாய்க்குக் காலை எடுக்க வேண்டும் என்றால், மூச்சு நன்றாக இருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்தப் பேச்சை எடுப்பாராம். அதேபோல அங்கே யாருக்குப் போன் செய்தாலும் நல்ல சேதியை முதலில் சொல்ல வேண்டும், மற்றது அப்புறம். அக்காவுக்கு அது நாக்கிலேயே ஊறிப்போன விஷயம்.

"காலையில போன் பண்ணப்போ முதல்ல என்ன சொன்னேன் தெரியுமாடா?" என்றாள். "உங்க பொண்ணுக்கு ஸ்கூல்ல இடம் கிடைச்சிருச்சு, டாக்டரே பேசினார்னு சொன்னேன். அவங்க அழுதுட்டாங்க. நன்றி நன்றின்னு சொன்னாங்க. அப்புறம்தான் பேரைச் சொல்லலாமான்னு கேட்டேன்."

"அதனால என்ன? சரின்னுதானே சொன்னாங்க?"

"எந்த வாயால வேண்டாம்னு சொல்வாங்க?" என்று எழுந்தாள். "வண்டியை எடு."

எனக்குக் கோபம்தான் வந்தது. கிடைக்காத சம்மதம் கிடைத்திருக்கிறது, கிடைக்காத வாய்ப்பு வந்திருக்கிறது, ஒரு மனிதனின் உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது. இவள் என்னடாவென்றால் நூல் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வழி நெடுக அதையே சொன்னேன். "நீ பேசாம விட்டா அந்த ஆளு பிழைச்சுக்குவார்க்கா. இப்பப் போய்க் கேட்டு அவங்க வேண்டாம்னுட்டா? அந்தப் பாவத்தை யார் சுமக்கிறது?"

"தெரியலடா" என்றாள். "சிக்னல் விழுந்திருச்சு, ஓட்டு."

சலவைக் கூடத்தில் வேலை நேரத்தில் யாரும் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, அதனால்தான் நேரிலேயே போனோம். தரைக்குக் கீழே, நீண்ட அறை. ஒரு பக்கம் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன, மறுபக்கம் பெரிய உருளைகளுக்கு நடுவே ஈரப் படுக்கை விரிப்புகள் போய் மொரமொரப்பாக வெளியே வந்தன. அனலில் மூச்சு முட்டியது. வாத்தியாரின் மனைவி இன்னொரு பெண்ணோடு விரிப்பின் இரு முனைகளையும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விரிப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. கெட்ட செய்தி என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஒண்ணும் ஆகல" என்று அக்கா அவசரமாகச் சொன்னாள். "நான் காலையில தப்பாக் கேட்டுட்டேன். மறுபடி கேக்க வந்தேன். ஸ்கூல் இடம் உங்க பொண்ணுக்குக் கிடைச்சது, முடிஞ்சது. நீங்க என்ன சொன்னாலும் அது போகாது. டாக்டர் கோவிச்சுக்க மாட்டார், நானும் மாட்டேன். நாளைக்கும் நீங்க எங்க ஆபீசுக்கு வரலாம். அதையெல்லாம் மறந்துட்டுச் சொல்லுங்க. இன்னிக்கு அவர் பேரைச் சபையில சொல்லலாமா?"

அந்த அம்மா கீழே விழுந்த விரிப்பை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா" என்றார். "இன்னிக்கு மட்டும் வேண்டாம். என்னை மன்னிக்கணும்."

ஏன் என்ற கேள்வி என் தொண்டைவரைக்கும் வந்தது. அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மென்று விழுங்கிவிட்டேன்.

அப்புறம் நான் ஓட்டிய ஓட்டத்தைப் போலீஸ்காரர்கள் பார்க்காதது என் நல்ல காலம். சபைக்குள் உறுப்பினருக்குப் போன் போகாது. வாசலில் நிற்கும் சபைக் காவலர் மூலமாகச் சீட்டு அனுப்பலாம், அவ்வளவுதான். அந்தக் காவலரோ நிதானமே உருவானவர். சீட்டை இரண்டாக மடித்து, கையுறையைச் சரி செய்து, நடந்து போனார். நாங்கள் பொதுமக்கள் மாடத்துக்கு ஓடி ஏறும்போது டாக்டர் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தார். அவர் முன்னால், பேசலாம் என்கிற பச்சை விளக்கு எரிந்தது.

சீட்டு அவர் கைக்குப் போனதைப் பார்த்தேன். படித்தார். எதிர் மாடத்தில் அந்த மந்திரி மொழிபெயர்ப்புக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், எழுதி வைத்திருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு பொதுவாகப் பேசினார். அடைக்கலம் தேடி வந்தவர்களை, எவனிடமிருந்து ஓடி வந்தார்களோ அவனிடமே பிடித்துக் கொடுப்பது எந்தத் தேசத்துக்கும் அழகில்லை என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் ஆள் இல்லாத பேச்சு. மந்திரி நடுவிலேயே கருவியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நடைக்கூடத்தில் டாக்டர் எங்களிடம் வந்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை, அன்று பார்த்தேன்.

"எனக்கு நேரா உட்கார்ந்திருந்தார்மா அந்த ஆள். பேரைச் சொல்லியிருந்தா அந்த விமானம் நின்னிருக்கும்."

"நின்னிருக்கலாம் டாக்டர்."

"அவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆயிட்டா அதுல எனக்கும் பங்கு இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க வேண்டாம்னு சொன்னாங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. டாக்டர் கையிலிருந்த பேச்சுத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, "போய் ஏதாவது சாப்பிடுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வாத்தியாரை அந்த வாரமே விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இறங்கிய இடத்திலிருந்து நேரே சிறை. செய்தி வந்த அன்று டாக்டர் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலிகள் காலியாக இருந்தும் அந்த எடைத்தட்டின்மேல் போய் உட்கார்ந்தார். யாரும் முள்ளைப் பார்க்கவில்லை. அக்கா வந்தவர்களுக்கெல்லாம் பதில் சொன்னாள், வழக்கமான குரலில்தான் சொன்னாள். வீட்டில் மாமா தட்டில் போட்டு வைத்தது அப்படியே இருந்தது. நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை. உள்ளுக்குள் அவள் தப்புச் செய்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லாமல் இருந்ததே என் ஆறுதல்.

அடுத்த வாரம் அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். அக்கா எழுந்து நின்றாள். என்ன வார்த்தை வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றாள்.

"என் மாமனார் எல்லை தாண்டி வந்துட்டார்" என்றார் அந்த அம்மா. "அன்னிக்கு அவர் வழியில இருந்தார், மலைப்பாதையில. கூட என் கொழுந்தனார், அவர் பிள்ளைங்க ரெண்டு பேர். என் வீட்டுக்காரர் பேரு வெளியே வந்திருந்தா ஊர்ல எங்க வீட்டைத் தேடி வந்திருப்பாங்க. வீடு காலின்னு தெரிஞ்சா பாதையை அடைச்சிருப்பாங்க. ஊர்ல இருக்கிறவங்களை முதல்ல வெளியே கொண்டு வா, அதுவரைக்கும் என் பேரை யாரும் சொல்லக் கூடாதுன்னு இவர்தான் என்கிட்டச் சொல்லியிருந்தார்."

அன்று காலையில் வாங்கிய அந்தச் சம்மதத்தோடு நின்றிருந்தால் நாலு பேர் போயிருப்பார்கள். அதற்காக வாத்தியார் சிறைக்குப் போனது சின்ன விஷயம் ஆகிவிடாது. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. அக்கா அப்படிப் பார்க்கவே இல்லை.

"இப்பச் சொல்லுங்கம்மா" என்றார் அவர். "அவங்க பயமுறுத்த அங்கே இனிமே யாரும் இல்ல. சத்தமாச் சொல்லுங்க."

அன்றிலிருந்து டாக்டர் வாத்தியாரின் பெயரை வாசிக்கிறார். குலுக்கலில் தன் முறை வராத வாரத்தில் மற்ற உறுப்பினர்களிடம் கெஞ்சி, அவர்களுடைய மூன்று நிமிடத்தில் ஒரு நிமிடம் வாங்குகிறார். முன்பு தேநீர் குடிக்கப் போனவர்களில் சிலர் இப்போது உட்கார்ந்து கேட்கிறார்கள். வாத்தியார் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு தூதரக அதிகாரி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். விடுதலை என்ற பேச்சே இல்லை. நான் கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்த குழியும் அப்படியே இருக்கிறது, அதுவும் உண்மை.

வாரத்தின் முதல் நாள் காலையில் அக்காவை நான்தான் வேலைக்கு இறக்கிவிடுகிறேன். போகிற வழியில் போனை ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்பாள். இனிமேல் கேட்க வேண்டாம், எப்போதும் சம்மதம்தான் என்று அந்த அம்மா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அக்கா விடுகிறவளா? எடுத்தவுடன் கேள்வி, பதில் கிடைத்த பிறகுதான் நலம் விசாரிப்பு.

போன வாரம் போனை எடுத்தது அவர் மகள். அம்மா வேலைக்குப் போய்விட்டார், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அம்மா சொல்லச் சொன்னாங்க ஆன்ட்டி. சரியாம்" என்றாள்.

அக்கா வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். "நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள்.

"நானா?"

"ஆமா. உனக்கு அப்பாதானே. உன்னை நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல."

இத்தனை வருஷமாகத் தகப்பனின் பெயரைத் தெருவில் சொல்லாதே, பள்ளிக்கூடத்தில் சொல்லாதே, யார் கேட்டாலும் சொல்லாதே என்று வளர்ந்த பெண். தோழிகளிடம் அப்பா இறந்துவிட்டார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறாளாம், பின்னால் அவள் அம்மா சொல்லித் தெரிந்தது. பிறகு அவள் தன் தகப்பனின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும், அவருடைய அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லி முடித்ததும் விக்கி விக்கி அழுதாள்.

"சொல்லுங்க ஆன்ட்டி. நான் சரின்னு சொன்னேன்னும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க."

"சொல்றேன் கண்ணு" என்றாள் அக்கா.

எனக்குப் பாதை தெரியவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். அக்காவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.